நானூற்றுப் பத்து

ஜெராக்ஸ் கடை என்னுடையது.
வேலூரில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து.
ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், டிஸ்சார்ஜ் சீட்டு,
ஊர்பேர் தெரியாதவர்களின் நோயெல்லாம்
ரெண்டு ரூபாய்க்கு நகலாகும் இடம்.

சித்திரை. கரண்ட் போன பதினோரு மணி.
"மேடம், உங்க ஸ்பீக்கர் பாக்ஸ் வாடகையைத்
தப்பா பிடிச்சிட்டோம், திருப்பித் தரோம்" என்றான்.
நல்ல தமிழ். நடுவில் இருமல்.
"தண்ணி குடிச்சிட்டு வந்து பேசு தம்பி" என்றேன்.
குடித்துவிட்டு வந்துதான்
பின் நம்பரைப் போடச் சொன்னான்.

நாலு தடவை போட்டேன்.
இருபத்து மூவாயிரத்து அறுநூறு.
டோனருக்கு வைத்தது, சீட்டுக்கு வைத்தது,
எதற்கென்று யோசிக்காமலே வைத்திருந்தது கொஞ்சம்.
பெட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.
வரும் துட்டுக்குத்தான் அதற்கு வாய்.

பத்தொன்பது முப்பதுக்கு அடித்தேன்.
பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் குரல்,
அப்புறம் மூச்சு வாங்க வைக்கும் நீளத்தில் ஒரு புகார் எண்.
கரண்ட் வந்ததும்
என் மெஷினிலேயே என் புகாரை நகலெடுத்தேன்.
மூன்று செட். கணக்கில் எழுதவில்லை.

சத்துவாச்சாரி ஸ்டேஷனில் ஏட்டம்மா வேதவல்லி
பேனாவை மூடாமலே கேட்டாள்:
"இன்னாம்மா, படிச்சவங்க மாரி கீறீங்க?"
எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாதது
அந்த ஒன்றுதான்.

பணம் போன வழியைத் தாளில் போட்டுக் காட்டினாள்.
ஒரு கணக்கு, அதிலிருந்து மூன்று,
மூன்றிலிருந்து பதினொன்று.
வறண்ட பாலாற்றில் மணலைத் தோண்டினால்
அங்கங்கே கொஞ்சம் ஈரம் நிற்குமே,
அப்படிச் சில இடத்தில் நின்றிருந்தது.
அதை மட்டும் பூட்டினார்கள்.

வைகாசியில் ஒரு போன். புது நம்பர்.
புது நம்பர் என்றாலே வயிற்றைக் கலக்கும் காலம் அது.
மூன்றாம் தடவை எடுத்தேன். வங்காளம்.
லாட்ஜிலிருந்து டயாலிசிஸ் சீட்டோடு நின்ற தீபாலியிடம் நீட்டினேன்.
எட்டு மாதத்தில்
ஆஸ்பத்திரி வரிசைகள் கற்றுக்கொடுத்த தமிழ் அவளுடையது.

"பர்த்வான். மிட்டாய்க் கடை. பேர் நிமாய்.
யாரோ வந்து, மிட்டாய் வாங்கி, நானூத்திப் பத்து.
உங்க காசு அது. இப்போ இவன் கணக்கு முழுசா பூட்டு.
பால்காரன் வாசல்ல நிக்கறான்."

என் காசில் யாரோ இனிப்புத் தின்றிருக்கிறார்கள்.
என்ன இனிப்பு என்று கேட்கச் சொன்னேன்.
சந்தேஷ், ஒரு கிலோ, என்றாள்.
எனக்குச் சந்தேகம் என்று காதில் விழுந்தது.

மறுநாள் மறுபடி சத்துவாச்சாரி.
"மேற்படி நானூற்றுப் பத்து எனக்கு வேண்டாம்,
அந்தக் கடைக்காரரை விட்டுவிடவும்."
ஏட்டம்மா ரெண்டு தரம் படித்தாள்.
"வேணும்னு எழுத ஃபாரம் கீது.
வேணாம்னு எழுத ஒண்ணும் இல்லியேம்மா."
ஆனாலும் சீல் குத்தி வாங்கிக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின செவ்வாய்,
கோர்ட் உத்தரவோடு
ஒன்பதாயிரத்து நூற்று எண்பத்தேழு வந்தது.
போனில் வந்த செய்தியை நம்பவில்லை.
வெயிலில் நடந்து, பாங்கில் நின்று,
பாஸ்புக்கில் அடித்து வாங்கினேன்.
கடைக்கு வந்து அந்தப் பக்கம் ஒரு நகல்.
அதில் நானூற்றுப் பத்து சேர்த்தியா இல்லையா என்று
எந்த வரியும் சொல்லவில்லை.

கேட்டுச் சொல்ல தீபாலியும் இல்லை, ஊர் போய்விட்டாள்.

நேற்று நிமாய் ஒரு படம் அனுப்பியிருந்தான்.
தட்டு நிறைய வெள்ளை இனிப்பு, பின்னால் பால் கேன்.
பூட்டுத் திறந்துவிட்டது என்கிறானா,
இன்னும் கடனில்தான் பால் என்கிறானா,
தெரியவில்லை.

பதிலுக்கு என் மெஷினைப் படமெடுத்து அனுப்பினேன்,
பச்சை விளக்கு எரிகிற நேரம் பார்த்து.